பதினோரு சென்டிமீட்டர்

ஜெலட்டின் கட்டி கைக்குழந்தை மாதிரி. குளிர் கொஞ்சம் குறைந்தாலும் படுத்திவிடும். துப்பாக்கிக் குண்டு மனித உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தக் கட்டியில் சுட்டுத்தான் அளக்கிறோம். பன்னிரண்டு வருடமாக அதைக் காய்ச்சி ஊற்றுகிறவள் நான். எனக்குப் பாடம் சொல்ல இந்தச் சோதனைக்கூடத்தில் எவனும் கிடையாது.

அன்று சுடப்போகிற குண்டுகளை நம்பித்தான் என் தம்பியின் வாழ்க்கை இருந்தது. அவன் காவலாளி. ஓடுகிற திருடனை ரைபிளால் சுட்டான். குண்டு தெருவில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பில் பாய்ந்தது. திருடன் தப்பிவிட்டான். திருடனின் தோளைத் துளைத்துக்கொண்டு போய்த்தான் அவள்மேல் பட்டது, குறி தப்பவில்லை என்று தம்பி சாதித்தான். இந்த வகைக் குண்டு உடம்புக்குள்ளேயே நின்றுவிடுமே என்றார் விசாரணை அதிகாரி. கட்டியைத் துளைத்து வெளியே வந்தால் தம்பி பிழைப்பான். உள்ளே நின்றால் ஜெயில். அவன் என் தம்பி என்று அதிகாரிக்குத் தெரியாது. நானாகப் போய்ச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

காலையில் கட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். ஒரே அழுகை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு, திட்டி, தேற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. கட்டியை மறந்தே போனேன்.

அதிகாரி வந்து சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார். ரைபிளைத் தொடுவதற்கு முன் கட்டி சரிதானா என்று பார்ப்பது வழக்கம். ஏர்கன்னால் ஒரு சின்ன இரும்பு மணியை அதற்குள் சுடுவோம். ஏழரையிலிருந்து ஒன்பதரை சென்டிமீட்டருக்குள் அது நின்றால் கட்டி சரி. சுட்டுவிட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பதினொன்று.

கட்டி இளகியிருந்தது. இளகிய கட்டியில் எந்தக் குண்டும் கூடுதலாகத்தான் போகும். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு கட்டி எடுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களை நானே எத்தனை முறை வறுத்தெடுத்திருக்கிறேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "எவ்ளோம்மா?"

"எட்டரை சார்."

எழுதிக்கொண்டார். எங்கள் கூடத்தில் ரைபிள் சுடுபவர் அதை ஸ்டாண்டில் பூட்டினார். மூன்று முறை சுட்டார். மூன்று குண்டுகளும் கட்டியைத் துளைத்துப் பின்னாலிருந்த பலகையில் பதிந்து நின்றன. பாவம், அந்தப் பையன் சொன்னது நிஜம்தான் என்று அதிகாரி தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். களைத்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், நல்ல மனுஷன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், யார் மேலும் தப்பில்லை என்று அந்தப் பெண்ணிடம் தானே சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். மறுபடி அழ ஆரம்பித்தான்.

"அக்கா, அந்தத் திருடன் மேல குண்டு படவே இல்லக்கா," என்றான் கடைசியில். "அந்தம்மா நின்னதையும் பாத்தேன். ஒதுங்கிடுவாங்கனு நெனச்சு சுட்டுட்டேன்."

படுபாவி. திட்ட வாயெடுத்தேன், எந்த வாயால் திட்டுவது? அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வாசலில் அதிகாரியின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டரை இல்ல சார், பதினொண்ணு," என்றேன். "அவன் என் தம்பி."

போனை அணைக்கவில்லை. அவனும் கேட்கட்டும்.