சிறு சிரமம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் தூவலைக் கொட்டிக்கொண்டிருந்த மாரித், மேசையில் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். அடுத்தவர் தாளைப் படிக்கக் கூடாது என்கிற சட்டமெல்லாம் அந்த வீட்டில் செல்லாது. பத்து வருஷமாக அவளுடைய ரத்தக் கணக்கு, எடை, மாத்திரை அளவு, எந்த நாளில் எத்தனை முறை வாந்தி எடுத்தாள் என்பது வரை எல்லாமே அந்த மேசையில்தான் திறந்து கிடந்திருக்கின்றன. அம்மாவின் தாளுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?

"அம்மா, இது உன் கையெழுத்துதானே? 'என் மகளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. எனக்கு ஆட்சேபம் இல்லை.'"

ரின்ஸ்கா காபி கொதிக்கிற சத்தத்தில் பாதிதான் காதில் வாங்கினாள். "ஆமாடி. வியாழக்கிழமை கூட்டத்துக்கு. கீழ வை, வெண்ணெய் ஒட்டிக்கப்போவுது."

மாரித் கீழே வைக்கவில்லை. "யாருக்குப் பழகிப்போச்சு?" என்றாள்.

மாரித்துக்கு மூன்று வயதில் வேறொரு குழந்தையின் இதயத்தை எடுத்து வைத்தார்கள். இப்போது பதின்மூன்று. மாற்றி வைத்த இதயம் ஆயுசுக்கும் வராது, பதினைந்து வருஷம் வரலாம், இருபதைத் தாண்டினவர்களும் உண்டு, அதற்கு மேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று மருத்துவர் முதல் வாரத்திலேயே போட்டு உடைத்துவிட்டார். ஹாலந்துக்காரர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அப்படிப் பேசினால்தான் ஏதோ மோசம் என்று பயந்துவிடுவார்கள். ஆகவே ரின்ஸ்கா அதையும் கேட்டுக்கொண்டு, மெப்பல் நகராட்சி நீச்சல்குளத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு, பத்து வருஷத்தை ஓட்டிவிட்டாள். போன மாதப் பரிசோதனையில்தான் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களின் சுவர் தடிக்கத் தொடங்கியிருக்கிறதாம். கொஞ்சம்தானாம். ஆனால் தடிப்பதை நிறுத்த மருந்து கிடையாதாம்.

அப்படியொரு மருந்துக்கான ஆராய்ச்சி விண்ணப்பம்தான் மேசையில் கிடந்தது. இதய நிதியம் என்று ஒன்று உண்டு. வருஷத்தில் ஒரு வாரம் தொண்டர்கள் உண்டியலோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சேர்க்கிற பணம், செத்துப்போனவர்கள் உயில் எழுதி வைத்துவிட்டுப் போகிற பணம், எல்லாம் சேர்ந்து ஆராய்ச்சிகளுக்குப் போகும். யாருக்குக் கொடுப்பது என்பதில் விஞ்ஞானத்தை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து பெற்றோர் கொண்ட குழு ஒரே ஒரு பக்கத்தைப் பார்க்கும். எங்கள் பிள்ளைகளை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதிய பக்கம் அது. ஐந்து பேரும் பச்சை காட்டினால்தான் பணம். ஒருவர் சிவப்பு காட்டினாலும் விண்ணப்பம் திரும்பிப் போய்விடும், மறுபடி வர ஒரு வருஷம் ஆகும். ரின்ஸ்கா அந்த ஐவரில் ஒருத்தி.

விண்ணப்பித்திருந்த மருத்துவர் லீடவெய் எழுதிய பக்கம் நன்றாகவே இருந்தது. குழாய்ச் சுவர் தடிப்பதை நிறுத்தக்கூடிய ஒரு மருந்து, நாற்பது பிள்ளைகள், இரண்டு வருஷம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, வருஷத்துக்கு ஒரு முறை கழுத்து வழியாகக் குழாய் விட்டு எடுக்கிற இதயத் தசைத் துணுக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். 'இதனால் பிள்ளைகளுக்குச் சிறு சிரமம் ஏற்படலாம்' என்று ஒரு வரி. ரின்ஸ்கா அதைப் படித்தபோது அந்த வரி கண்ணில் பட்டது, உறைக்கவில்லை. மருந்து என்கிற சொல்லைப் பார்த்த இடத்திலேயே அவள் மனசு பச்சை காட்டிவிட்டது. மீதியைக் கை தானாக எழுதியது.

"உனக்குத்தான் பழகிப்போச்சு, வேற யாருக்கு?" என்றாள் இப்போது. "நீ அழறதுகூட இல்லையே. நர்ஸுங்க எல்லாம் உன்னைத்தான் உதாரணம் சொல்றாங்க."

"நான் அழுதா நீ ஆஸ்பத்திரி லிஃப்ட் பக்கத்துல போய் நின்னு அழுவே. அப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு வந்து, ஒண்ணுமில்ல சளி பிடிச்சிருக்குன்னு சொல்லுவே. அதுக்கு நான் அழாமலே இருந்துட்டுப் போறேன்."

ரின்ஸ்கா காபியை இறக்கி வைத்தாள்.

"ரெண்டு வருஷத்துல எட்டு தடவைம்மா," என்றாள் மாரித். விரலில் ஒட்டியிருந்த சாக்லேட்டை நக்கிக்கொண்டே, பள்ளிக்கூடக் கணக்கைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "காலைல இருந்து பட்டினி. கழுத்துல ஊசிக் குழாய். முழிச்சா வாந்தி. அப்புறம் ஆறு மணி நேரம் அசையாம படுக்கணும், மூக்கு அரிச்சாக்கூட உன்னைக் கூப்பிடணும். மூணு நாள் வயிறு சரியா இருக்காது. கழுத்துல பிளாஸ்டரோட பள்ளிக்கூடம் போனா, வாம்பயர் கடிச்சிட்டானான்னு யாஸ்பர் கேப்பான். ஒவ்வொரு தடவையும் கேப்பான், அவனுக்கு அது ஒண்ணுதான் ஜோக். இதை எட்டு தடவை நீ பண்ணிக்கிட்டு வந்து, அப்புறம் எழுது சிறு சிரமம்னு."

"அப்போ வேணாம்னு சொல்லிடவா?"

"நான் எப்போ வேணாம்னேன்? மருந்து எனக்குத்தானே வேணும், உனக்கா?" அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "கூப்பிட்டா போவேன். பழகிப்போச்சுன்னு மட்டும் சொல்லாத. என்னைக்கும் பழகல."

கதவு சாத்தின சத்தத்துக்குப் பிறகு ரின்ஸ்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்து, இந்தத் தாளைப் பார்த்தா சொல்ல வேண்டும்? கோபம் அடங்கியதும் வெட்கம் வந்தது. வேறு எந்தத் தாயும் அந்த வரியைப் படித்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். பிள்ளையின் கழுத்தில் குழாய் ஏற்றுவதைப் பார்த்தே இராதவள், யோசித்துப் பார்த்தாவது பதறியிருப்பாள். பதறாதவள், இதையெல்லாம் பத்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். எல்லாம் தெரியும் என்றுதானே அவளைக் குழுவில் சேர்த்தார்கள்!

வியாழக்கிழமை ஸ்வோல்லாவுக்கு ரயில் ஏறினாள். மழையில்லை, காற்று மட்டும் அடித்தது. வயல்களைப் பார்த்துக்கொண்டே போனாள். வேறு ஏதோ ஓர் ஊரில், போன வாரம்தான் பிள்ளைக்கு இதயம் மாற்றின ஒரு தாய், பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்க்கும் முன் இந்தப் பக்கத்தைத்தான் படிப்பாள். ஐந்து பெற்றோர் பார்த்து ஒப்புக்கொண்டது என்று கீழே அச்சடித்திருக்கும். அதை நம்பிக் கையெழுத்துப் போடுவாள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அவளுடைய பிள்ளை வர மாட்டேன் என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இதை நினைத்தபோது ரின்ஸ்காவுக்குத் தெளிவாக இருந்தது. மாரித்தின் குழாய்களை நினைத்தபோது ஒரு தெளிவும் இல்லை. ரயில் போய்ச் சேருகிறவரை இப்படியே மாறி மாறி இருந்தது.

கூட்டம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில். ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு பிஸ்கட். இரண்டாவது பிஸ்கட் கேட்கிற வழக்கம் அந்த நாட்டில் இல்லை. தலைமை அலைடா, ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. மணி பார்த்துத் தொடங்கி மணி பார்த்து முடிப்பவர். ரின்ஸ்காவுக்கு எதிரே ஷூர்ட் உட்கார்ந்திருந்தார். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாது. அவருடைய மகன் பிராம், இதயம் மாற்றிப் பதினோராவது வருஷத்தில் இறந்தான். இதே குழாய்ச் சுவர் தடித்துத்தான். அப்புறமும் ஷூர்ட் குழுவை விட்டுப் போகவில்லை, ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

"மருத்துவர் லீடவெய் விண்ணப்பம்," என்றார் அலைடா. "நிபுணர்கள் முதலிடம் கொடுத்திருக்காங்க. நாம சீக்கிரம் முடிச்சிடலாம்னு நினைக்கிறேன்."

பச்சை, பச்சை, பச்சை. ஷூர்ட் பேச்சே இல்லாமல் பச்சை அட்டையை மேசைமேல் தட்டினார். எல்லாரும் ரின்ஸ்காவைப் பார்த்தார்கள்.

"சிறு சிரமம்னு எழுதியிருக்கு," என்றாள். "அது பொய்."

"அந்த ஒரு வார்த்தைதானே? மாத்தச் சொல்லிடலாம்," என்றார் அலைடா.

"வார்த்தை மட்டும் இல்ல. எட்டு தடவை எடுக்கத்தான் வேணுமா, குறைக்க முடியுமா, நடுவுல ரத்தப் பரிசோதனை போதுமா, பிள்ளை பாதியில வேணாம்னா என்ன பண்ணுவாங்க? ஒண்ணும் எழுதல. எழுதாததுக்கு யாரும் அவங்களைக் கேக்கவும் இல்ல. நானே கேக்கல. பழகிப்போச்சு, ஆட்சேபம் இல்லைன்னு எழுதிட்டு வந்தவ நான்."

அலைடா கண்ணாடியைக் கழற்றினார். "நாமளே உட்கார்ந்து பக்கத்தைத் திருத்த முடியாது ரின்ஸ்கா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்க சிவப்புன்னா, அடுத்த இலையுதிர் காலம். தெரியும்தானே?"

"தெரியும்."

ஷூர்ட் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றினார். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? கழுத்து வலியும் வாந்தியும் மூணு நாளுல போயிடும். உன் பொண்ணுக்குக் குழாய் தடிக்குதுன்னு நீதானே போன கூட்டத்துல சொன்னே? அவகிட்ட அந்த ஒரு வருஷம் இருக்கா?"

"தெரியல."

"என் பையன்கிட்ட இல்ல."

இந்த மனிதரிடம் நியாயம் பேச ரின்ஸ்காவுக்கு என்ன தகுதி? பச்சை அட்டை இடது கைக்குக் கீழேதான் இருந்தது, திருப்பிப் போட்டால் முடிந்தது. சாயங்காலமே நிதியத்துக்குக் கடிதம் போய்விடும். ஆறு மாதத்தில் மருந்து தொடங்கும். மாரித் போவாள், அழ மாட்டாள்.

"பிராம் எத்தனை தடவை பண்ணிக்கிட்டான்?" என்று கேட்டாள். அவளுக்கே தெரியாமல் வந்த கேள்வி.

ஷூர்ட் மேசையிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டார். ரின்ஸ்கா சிவப்பு அட்டையை எடுத்து வைத்தாள். காரணங்களை எழுத அலைடா ஒரு தாளைத் தள்ளினார். அவள் எழுதத் தொடங்கினாள். பட்டினி, கழுத்துக் குழாய், ஆறு மணி நேரம்.

"இருபத்திமூணு," என்றார் ஷூர்ட். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "கடைசி நாலு தடவை கையைக் கட்டித்தான் கூட்டிப் போனோம். அதையும் எழுது. நான் பச்சைதான், மாத்த மாட்டேன். ஆனா எழுதறதை முழுசா எழுது."

அவள் அதையும் எழுதினாள். வெளியே வரும்போது அவர் கை குலுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு முன்னாலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

மெப்பல் நிலையத்து வாசலில் மாரித் தன் சைக்கிளோடு நின்றிருந்தாள். வரச் சொல்லியிருக்கவில்லை. ரின்ஸ்கா நிறுத்தத்திலிருந்து தன் சைக்கிளை உருவி எடுத்து வருகிறவரை பொறுத்திருந்து, "என்ன ஆச்சு?" என்றாள்.

"சிவப்பு."

"நீயா?"

"நான் மட்டும்."

மாரித் சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "அப்போ அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷம். அதுவும் அவங்க ஒழுங்கா எழுதினா. பணம் வந்து, ஆள் எடுத்து, தொடங்க அதுக்கு மேல ஆறு மாசம் ஆகும்." ரின்ஸ்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். "தப்புப் பண்ணிட்டேனாடி?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மாரித். "பயமாத்தான் இருக்கு," என்றாள் அப்புறம். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து ரின்ஸ்கா கேட்டதில்லை.

"எனக்கும்," என்றாள் ரின்ஸ்கா.

வீட்டுக்குப் போகிற கால்வாய்ப் பாதையில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. மாரித் ஏறி மிதித்தாள், பத்து கஜத்திலேயே மூச்சு வாங்கியது, சைக்கிள் அலைந்தது. மாற்றி வைத்த இதயத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. கால் மிதிக்கத் தொடங்கிய செய்தி அதற்கு உடனே போய்ச் சேராது. ரத்தத்தோடு கலந்து மெதுவாகத்தான் போகும், அதுவரை அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் துடிக்கிற மாதிரியே துடித்துக்கொண்டிருக்கும். ரின்ஸ்கா பக்கத்தில் வந்து, ஒரு கையை எடுத்து மகளின் முதுகில் வைத்தாள். அந்த ஊரில் எல்லாத் தாய்மாரும் எதிர்க்காற்றில் அப்படித்தான் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

"தள்ளாத," என்றாள் மாரித், மூச்சுக்கு நடுவே. "இரு. வரும்."

ரின்ஸ்கா கையை எடுத்தாள். இருவரும் நடக்கிற வேகத்தில் மிதித்தார்கள். பின்னால் வந்த ஒரு கிழவர் மணியடித்து அவர்களைத் தாண்டிப் போனார். பாலம் வந்தது, போயிற்று. ரின்ஸ்கா முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நிமிஷங்களை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பண்ணைவீட்டைத் தாண்டும்போது மாரித்தின் கன்னத்தில் சிவப்பு ஏறியது. முழங்கால்கள் வேகமெடுத்தன. அவள் ஒன்றும் சொல்லாமல் குனிந்து காற்றுக்குள் போனாள், பின்விளக்கு சின்னதாகிக்கொண்டே போயிற்று. ரின்ஸ்கா எட்டிப் பிடிக்க மிதித்தாள்.