அக்காவுக்கு வைத்த அளவு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டதும், தம்பி எதுவும் நடக்காததுபோல் அவளுடைய டெம்ப்ளேட்டைத் திறந்தான். அவன் ஸ்டுடியோவில் ஆளுக்கொரு டெம்ப்ளேட் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. ஒருவர் குரலுக்கு ஏற்றபடி எல்லா அளவுகளையும் ஒருமுறை வைத்துச் சேமித்துவிட்டால், அடுத்த தடவை ஒரே சொடுக்கில் அத்தனையும் வந்து நிற்கும். செய்தி வாசிப்பவருக்கு ஒன்று, மூக்கால் பேசும் விளம்பரக்காரருக்கு ஒன்று. இந்த விஷயத்தில் அவன் மகா அழிச்சாட்டியம் பிடித்தவன். அந்தக் கோப்புகளை வேறு யாராவது தொட்டால் அன்றைக்கு ஸ்டுடியோ இரண்டுபடும்.

இருப்பதிலேயே பழையது அக்காவுடையது. ஒலிப்புத்தகம் வாசிக்கும் அக்காவுக்குக் கணீரென்ற குரல். அதற்குத் தகுந்தாற்போல், இரைச்சலைத் தடுக்கும் ‘கேட்’டின் அளவைச் சற்று உயர்த்தியே வைத்திருந்தான். குறித்த அளவுக்கு மேல் சத்தம் வந்தால் கேட் திறக்கும், குறைந்தால் மூடிக்கொள்ளும். நாற்காலி கிறீச்சிடுவது, தாள் சரசரப்பது எல்லாம் வெளியே நின்றுவிடும். சின்ன இரைச்சல் காதில் விழுந்தாலும் அக்காவுக்கு வாசிப்பு தடுமாறும். அதனால் அவள் ஹெட்ஃபோனுக்கும் கேட்டைத் தாண்டி வரும் குரலையே அனுப்புவான்.

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். பாதியில் நின்ற நாவலை முடிக்க வேண்டும். இல்லையென்றால் வேறு குரலை வைத்து முதலிலிருந்து எடுக்கப்போவதாகப் பதிப்பாளர் நாசூக்காகச் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மாவும் மாமாவும் குரல் அப்படியேதான் இருக்கிறது என்று மாற்றி மாற்றிச் சத்தியம் செய்தார்கள். தம்பியும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துகொண்டவன்தான். உண்மையில் குரல் இறங்கிப்போயிருந்தது. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. அளவுகளை மாற்ற வேண்டும் என்பது அவனுக்கு நேற்றே தெரியும். கை வைக்கத்தான் மனம் வரவில்லை. மாற்றினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

“வாசல் கதவைத் திறந்தபோது மழை நின்றிருந்தது” என்று அக்கா வாசித்தாள். “வாசல் கத… திறந்தபோ… மழை நி…” என்று ஹெட்ஃபோனில் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தாள். இன்னும் மோசமாக வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“வார்த்தை முடியறதுக்குள்ள நின்னுபோகுதுடா. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு.”

“உன் குரல் இல்லக்கா. நான் வெச்ச அளவுதான் தப்பு.”

“ஆமா, அம்மாவும் இதத்தான் சொன்னாங்க. ஃபோன்ல என் குரல் கேக்கலேன்னா ஃபோன் சரியில்லையாம்.”

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தம்பிக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் ஆறுதல் ஆறுதல் என்று அளந்ததில், இப்போது சொன்ன உண்மையும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. இன்னும் நூறு தடவை சொன்னாலும் நம்பமாட்டாள்.

அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தான். ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டிவிட்டு, தான் உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தான். அதே வரியை அவள் குரல் அளவுக்குத் தணித்து வாசித்தான். தெருமுனையில் நின்று பேசினாலும் வீட்டுக்குள் கேட்கும் சாரீரம் அவனுடையது. அவன் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவின் புருவம் சுருங்கியது. உள்ளே இருப்பவரிடம் பேச அவன் எப்போதும் அழுத்தும் பொத்தானை அழுத்திப் பேசினாள்.

“உன்னோடதும் முழுங்குதேடா!”

“அதான் சொல்றேன். ‘கேட்’னு இருக்கு பாரு, அதுல ஒரு கோடு இருக்கும். கொஞ்சங்கொஞ்சமா கீழ இறக்கு.”

“நீ பேசிக்கிட்டே இரு. பேசினாத்தானே தெரியும்.”

என்ன பேசுவது? நாவலின் பக்கம் எதிரிலேயே இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

“உன் குரல் மாறிடுச்சுக்கா.”

அவள் கை அப்படியே நின்றது. அவளுக்கு எதுவரை போய்ச் சேர்ந்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“‘குரல்’ வரைக்கும்தான் வந்துச்சு. திரும்பச் சொல்லு.”

சொன்னான். அவள் கோட்டை இறக்கினாள்.

“கடைசி இன்னும் வரல. திரும்ப.”

நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்டும் கேட்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அதைக் கேட்கவும் தைரியமில்லை. மறுபடி சொன்னான். இந்தத் தடவை குரல் இன்னும் சன்னமாகத்தான் வந்தது. அக்கா ஒரு கையால் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மௌஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். அவன் சொல்லி முடிப்பதற்குள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடுகள் அந்தக் கடைசி வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லி முடித்தன.