கருத்த புதரில் ஒரு பச்சைக் கிளை

மே மாதம் வந்துவிட்டால் ஒஹாயோ முழுக்க என் நாற்றுப்பண்ணையில்தான் நிற்கும். எல்லோருக்கும் பூ வேண்டும். பக்கத்து வீட்டு லவான் மட்டும் கருத்த இலைகளாகப் பார்த்துப் பொறுக்கினாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அவள் கணவன் ஓரின் முணுமுணுத்தான். "வாசல்ல கரியைக் கொட்டின மாதிரி இருக்கப்போகுது."

"உன் மூஞ்சிக்குப் பொருத்தமா இருக்கட்டுமேன்னுதான்" என்றாள் லவான். "பூ பத்து நாள்ல கொட்டிடும். இந்த இலை பனி விழற வரைக்கும் நிக்கும்."

கடைசியாக ஒரு நைன்பார்க் புதரை எடுத்தாள். இலையெல்லாம் காய்ந்த திராட்சை நிறம். "இதுல எப்பவாவது ஒரு பச்சைக் கிளை வரும். பார்த்ததும் அடியோட வெட்டிடு. பச்சைக்குத்தான் பலம் ஜாஸ்தி, விட்டா மொத்தச் செடியையும் பச்சையாக்கிடும்" என்றேன். ஓரினும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

அந்த இலையுதிர் காலத்தில் லவானின் அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன், ஓரின் சொன்னதை. "பட்டாணி அளவுதானே. விட்டுத்தள்ளு." அவன் டாக்டர் செலவு பார்க்கிற கஞ்சனில்லை, பயந்தாங்கொள்ளி. டாக்டரிடம் போனபோது அது ஈரல் வரை போயிருந்தது.

அடுத்த வருஷம் பனி உருகுவதற்குள் போய்விட்டாள். போகுமுன் அவனிடம் கேட்டது ஒன்றுதான். "அந்தப் புதரைக் கருப்பாவே வச்சுக்கோ." அவனும் தலையாட்டினான்.

மே மாதக் கடைசியில், துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய என் கேசரோல் பாத்திரத்தை வாங்கிவரப் போனேன். புதர் நன்றாகத் துளிர்த்திருந்தது. நடுவில் முழ நீளத்துக்கு ஒரு பச்சைக் கிளை.

"ஓரின், இன்னைக்கே அதை வெட்டு."

படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தவன் நிமிரவில்லை. "அவ போனப்புறம் இங்க உயிரோட தெரியற ஒரே பச்சை அது, ட்ரூடி. சின்னக் கிளைதானே. விட்டுத்தள்ளு."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "அன்னைக்கும் இதைத்தானே சொன்னே?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மண்வெட்டிச் சத்தம் கேட்டு ஓடினேன். புதர் இருந்த இடத்தில் இடுப்பளவு குழி. லவானின் கருத்த கிளைகள் அத்தனையும் புல்லில் கிடந்தன, வேர் மேலே பார்க்க. பச்சைக் கிளையை மட்டும் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தான். குழிக்குள் மண்டியிட்டு, மிச்ச வேர்நுனிகளை விரலால் துழாவிக்கொண்டிருந்தான். நகமெல்லாம் ரத்தம்.

"வேரோட எடுத்துட்டேன், ட்ரூடி" என்றான். "இனி எங்கயும் பரவாதுல்ல?"

குழியில் இறங்கி அவன் கையைப் பிடித்தேன்.

"பரவாது, ஓரின். மேல வா."