கோப்புக்கு முன் ஒரு குரல்

கார்த்திகை பிறந்து பத்து நாளாகியும் வானம் தன் கருந்துகிலைக் களையவில்லை. கெடிலம் ஆறு கலங்கி, கரை தொட்டு ஓடியது. கடலூர்ச் செம்மண்டலத்து வேம்புகள் ஈரம் சுமந்து, தொழுவார் போலத் தலை தாழ்ந்து நின்றன. உலகமே ஒரு விடைக்குக் காத்திருப்பதாய்த் தோன்றும் பருவம் அது.

அங்குள்ள குழந்தைகள் இல்லத்தில் பதின்மூன்று வயதுச் சந்திரலேகாவும் காத்திருந்தாள். பெற்றோரை இழந்தபோது சிதம்பரத்து இல்லத்தில் ஓரிடமே இருந்தது. ஆறு வயதுத் தங்கை பவானி அங்கே சேர்ந்தாள்; அக்காள் கடலூருக்கு வந்தாள். தங்கையிடம் போய்ச் சேர்வது ஒன்றே அவள் வேண்டுதல்.

சென்ற ஆய்வுக் கூட்டத்தில் குழந்தைகள் நலக் குழுத் தலைவர் சுப்பராயலு, "இங்க நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். பின்னால் நின்ற காப்பாளர் ஜெயராணியின் மனம் நோகக் கூடாதே என்று, "நல்லா இருக்கேன் சார்" என்றாள். 'இங்கேயே தொடர விருப்பம்' என்று கோப்பில் ஏறிவிட்டது.

இம்முறை, கூட்டத்துக்கு முதல்நாள், ஆற்றுப்படுத்துநர் பிரிசில்லா அவளைத் தேடி வந்தாள். "நாளைக்கு நடக்கப்போறத இன்னிக்கே நடிச்சுப் பாக்கலாமா?"

"அப்ப நாந்தான் சுப்பராயலு சார். நீங்க நானு." இல்லாத மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள் சந்திரலேகா. "சாப்ட்டியாம்மா? படிக்கிறியாம்மா? சரி, போய்ட்டு வா."

"நான் இன்னும் வாயே தொறக்கலையே சார்!"

"எல்லாம் ஃபைல்ல இருக்கும்மா."

இருவரும் சிரித்தனர். சிரிப்பு முதலில் அடங்கியது பிரிசில்லாவுக்குத்தான்.

"ஃபைலத் தொறக்கறதுக்கு முன்னாடி நீ பேசிட்டா?"

"ஜெயராணிம்மா வருத்தப்படுவாங்களேக்கா."

"அவுங்களப் பத்தியும் சேத்தே சொல்லு."

மறுநாள் எழுத்தர் கோப்பை எடுக்கையில் பிரிசில்லா எழுந்தாள். "சார், மொதல்ல பாப்பா பேசட்டும்."

அவ்வறையின் வழக்கம் அதுவன்று. சுப்பராயலு சற்றே தயங்கி, கோப்பை ஓரமாய் நகர்த்தினார்.

சந்திரலேகாவின் விரல்கள் தாவணி நுனியை முறுக்கின. "இங்க நல்லாத்தான் இருக்கேன் சார். ஜெயராணிம்மா நல்லாப் பாத்துக்கறாங்க. ஆனா பவானி அங்க தனியாத் தூங்குறா. என்னை அங்க அனுப்புங்க."

"போன தடவ ஏம்மா சொல்லல?"

"நல்லா இருக்கியான்னுதான் சார் கேட்டீங்க. எங்க இருக்கணும்னு கேக்கலையே."

சுப்பராயலு சிதம்பரத்துக்குத் தொலைபேசியில் பேசினார். இப்போது அங்கே இடமிருந்தது. "பாப்பா சொன்னத அப்பிடியே எழுதுங்க" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு, மாற்ற ஆணையில் கையொப்பமிட்டார்.

அன்று மாலை இல்லத்து மாடத்தில் ஜெயராணி அகலுக்கு எண்ணெய் வார்த்தார். சந்திரலேகா சுடரேற்றிக் கண்மூடி, சிதம்பரத்து ஆடவல்லானை நினைந்து வாய்திறவாது தொழுதாள்.

ஜெயராணியின் கண் கலங்கியிருந்தது. திருநீற்றை அவள் நெற்றியில் இட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா, நல்லா இருங்கடி கண்ணு."