இரண்டு பட்டியல்களிலும் தஸ்னீம்

1

இந்தக் கதை என்னுடைய ஒரு தவறிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று விட்டால் மழுப்பிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

தோஹாவில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வந்ததும் வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு மட்டும் பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதி நவால் டீச்சரிடம் மார்க்கக் கல்விக்குப் போகும். மறு பாதி மிஸ் கிரேட்டாவிடம் நன்னெறி வகுப்புக்கு. யார் எங்கே என்று பட்டியல் தயாரிப்பது என் வேலை. அந்த வருடம் ஒரு பெயரை இரண்டிலும் அடித்துவிட்டேன்.

இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? ஓர் இடமும் கிடைக்கவில்லை.

(பெயரை மாற்றியிருக்கிறேன். தஸ்னீம் என்பது அப்பாவின் சூடானில் வழங்கும் பெயர். அம்மாவின் பிலிப்பைன்ஸ் நாக்குக்கும் சுலபமாக வரும். அவளுடைய உண்மைப் பெயரும் இப்படித்தான் இரண்டு பக்கமும் பார்த்து வைக்கப்பட்டது.)

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே—"

அழவில்லை. அழுதிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

"இறைவனுக்குப் பல வாசல்கள் உண்டு, அவற்றின் நடுவே—"

இது பிரசங்கம். தினமும் பிரார்த்திக்கிறவள் நான், எனக்குப் பிரசங்கம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பிரசங்கத்தில் பிள்ளைகள் காணாமல் போய்விடுகிறார்கள்.

"செவ்வாய்க்கிழமை மூன்றாவது மணி அடித்தது."

இதுவே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் இரண்டு வரிசையாக நின்றார்கள். தஸ்னீம் எந்த வரிசை என்று தெரியாமல் நடுவில் நின்றாள். நவால் டீச்சர் எகிப்துக்காரர். குரல் பெரியது, மனசு அதைவிடப் பெரியது. தினமும் வாசலில் பிள்ளையை விட்டுப்போகிற பிலிப்பைன்ஸ் அம்மாவையும் அவள் கழுத்திலிருக்கும் சின்னச் சிலுவையையும் அவர் பார்த்திருக்கிறார்.

"நீ அந்தப் பக்கம்தானே கண்ணு? போ போ, லேட்டாகுது."

மிஸ் கிரேட்டா தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். அவர் கையிலிருந்த தாளில் அப்பாவின் பெயரும் சேர்ந்திருந்தது.

"தஸ்னீம் பக்ரி... நீ நவால் மிஸ்ஸோட கூட்டமாச்சே! வழி மாறி வந்துட்டியா? ஓடு செல்லம்."

இரண்டு பேரும் சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். இரண்டு கதவுகளும் சாத்திக்கொண்டன.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அனுமதியோடு வேறு இடத்தில் இருக்கிற பிள்ளைக்கு 'வரவில்லை' என்று போட மாட்டோம். பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைப்போம். நவால் டீச்சர் ஒரு புள்ளி வைத்தார். கிரேட்டா ஒரு புள்ளி வைத்தார். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

[அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: ஒருவரை ஒருவர் ஏன் கேட்டுக்கொள்ளவில்லை? இருவரையும் தனித்தனியே விசாரித்தேன். ஒரே பதில்தான். 'ரெண்டு மதத்து வீட்டுப் பிள்ளை. நான் போய்க் கேட்டா, என் பக்கம் இழுக்கிறேன்னு ஆயிடும்.' பல ஊர்களிலிருந்து வந்து ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறவர்கள் நாங்கள். கேட்காமலிருப்பதுதான் இங்கே மரியாதை.]

3

மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு. மேலே கதவு எப்போதும் பூட்டியிருக்கும். அந்தக் கடைசித் திருப்பத்தில் உட்கார்ந்தால் கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தஸ்னீம் செவ்வாயும் வியாழனும் நாற்பது நாற்பது நிமிடம் அங்கே உட்கார்ந்தாள்.

இடப்பக்கத்து அறையிலிருந்து பிள்ளைகள் ஒன்றாக ஓதுவது கேட்கும். அவளும் உதட்டை அசைப்பாள். வலப்பக்கத்து அறையில் நாற்காலிகள் இழுபடும், சிரிப்பு வரும், மிஸ் கிரேட்டா கதை சொல்வார். கதைகளின் முடிவு மட்டும் அவளுக்குக் கேட்காது. முடிவு நெருங்கும்போது மிஸ் கிரேட்டா குரலைத் தாழ்த்திக்கொள்வார். அப்புறம் எல்லாரும் 'ஓ!' என்பார்கள். எதற்கு 'ஓ' என்று யோசித்துக்கொண்டே இருப்பாள், மணி அடித்துவிடும்.

அந்தப் படியில் ஒரு பூனை வந்து அவள் மடியில் சுருண்டுகொண்டது.

(பூனை வரவில்லை. முதல் பிரதியில் நான்தான் வரவழைத்தேன். பக்கம் பக்கமாக ஒரு பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் தேநீர் குடித்துக்கொண்டிருப்பது பொறுக்கவில்லை. ஆனால் அவளுக்கு அன்று கிடைக்காத துணையை இன்று காகிதத்தில் கொடுத்து நான் நிம்மதியடைவது நியாயமில்லை. பூனையை எடுத்துவிட்டேன்.)

உண்மையில் வந்தவள் தில்மாயா. நேபாளத்துக்காரி, மாடி துடைக்கிறவள்; பிள்ளைகளுக்கு அவள் 'தீதி', அதாவது அக்கா.

"காலைத் தூக்குங்க மகாராணி, வெள்ளம் வருது!"

"நான் வேணா கீழ போயிடட்டுமா தீதி?"

"எங்க போவே? உக்காரு. உன் படியைக் கடைசியாத் துடைச்சுக்கறேன்."

மூன்றாவது வாரம் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துக் கொண்டுவந்து போட்டாள். "பளிங்கு ஜில்லுனு இருக்கும். வயித்தை வலிக்கும்." அவ்வளவுதான். பிள்ளை ஏதோ தண்டனையில் இருக்கிறது, கேட்டால் அவமானப்படும் என்று நினைத்துக்கொண்டாளாம். அவளும் கேட்கவில்லை.

4

இங்கே ஒரு வாசகர் நிறுத்திக் கேட்பார் (என் தங்கை கேட்டாள்): ஒன்பது வயதுப் பிள்ளை ஐந்து மாதம் வீட்டில் வாயைத் திறக்காமல் இருக்குமா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தஸ்னீமை நானே கொஞ்சம் அதிகமாக மௌனமாக்கிவிட்டேனோ என்று பயந்தேன். அவர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தோஹாவின் நஜ்மா பகுதியில் இரண்டு அறை வீடு. அப்பா பக்ரி நடுக்கடலில் எரிவாயு மேடையில் வேலை செய்பவர். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அம்மா மரிவிக் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். வெள்ளிக்கிழமை காலையில் பக்ரி அவளைத் தேவாலய வளாகத்தின் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை மகளோடு காரில் காத்திருப்பார். நோன்பு மாதத்தில் மரிவிக் அவர் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

"குடி மரி. நீ குடிச்சா எனக்குத் தாகம் ஏறிடாது."

"எனக்குத் தாகமே இல்லை."

"பொய் சொன்னா உன் சாமி கோவிச்சுக்க மாட்டாரா?"

"அதை உன் சாமிகிட்ட பேசி முடிச்சுக்குவாரு. நீ வேலையைப் பாரு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். தஸ்னீமும் சிரிப்பாள். வேடிக்கைப் பேச்சுக்கு அந்த வீட்டில் குறைவே இல்லை. ஆனால் ஆறு வயதில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், "நான் அப்பா மாதிரியா, அம்மா மாதிரியா?" என்று கேட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு அம்மா எழுந்து போய், எரியாத அடுப்பை அணைத்தாள்.

அன்றைக்குத் தஸ்னீம் ஒன்றைப் புரிந்துகொண்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் இருவரில் ஒருவர் தோற்பார். தோற்றவர் அழ மாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளால் முடியாது. அதைவிடப் படிக்கட்டு எவ்வளவோ தேவலை.

5

ஜனவரியில் மதிப்பெண் அட்டை அச்சிடும்போதுதான் கவனித்தேன். அவளுக்கு இரண்டு பாடத்துக்கும் கட்டம் இருந்தது. இரண்டும் காலி. வியாழக்கிழமைக்குள் ஏதாவது ஒன்று நிரம்ப வேண்டும், அப்பாவின் கையெழுத்தோடு, என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பக்ரி கரையில் இருந்த வாரம் அது. வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். தஸ்னீம் நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு தாள்களை மேசையில் வைத்தேன்.

"இது சேர்க்கையப்போ அம்மா எழுதிக்கொடுத்தது." மதம் என்ற இடத்தில் மரிவிக்கின் சாய்வெழுத்தில் இருந்தது: அப்பாவுடையது. "இது செப்டம்பர்ல நீங்க கடல்லேர்ந்து அனுப்பினது." அதே இடத்தில்: அம்மா விருப்பப்படி.

முதல் தாளைப் பார்த்து ஒரு பட்டியலில் சேர்த்திருந்தேன். இரண்டாவது தாள் வந்ததும் மற்றதில் சேர்த்தேன். பழையதிலிருந்து நீக்க மறந்தேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. மற்றவர் எழுதியதை இருவரும் அன்றுதான் பார்க்கிறார்கள்.

"ஏன் இப்படி எழுதினே?" என்றாள் மரிவிக்.

"மாசத்துல பாதி நாள் நீ இங்க தனியாக் கிடக்கிறே. கோயில்ல பிள்ளையாவது உன் பக்கத்துல முட்டி போட்டு நிக்கட்டுமேன்னுதான்."

"நான் கேட்டேனா?"

"நீ என்னைக்கு எதைக் கேட்டிருக்கே? நீ ஏன் அப்படி எழுதினே?"

"உன் அம்மா போன் பண்றப்பல்லாம் பேத்தி ஓத ஆரம்பிச்சாளான்னு கேப்பாங்க. நீ பேச்சை மாத்துவே. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா?"

"சரி, இப்ப சொல்லுங்க. எந்த வகுப்பு?" என்று புதுப் படிவம் ஒன்றை நீட்டினேன்.

"அவ சொல்லட்டும்," என்று பக்ரி மனைவியைக் காட்டினார்.

"கையெழுத்து அவரோடதுதானே? அவரே சொல்லட்டும்."

"நீ சொல்லு மரி."

"நீ சொல்லு."

"வாசல்ல நின்னுக்கிட்டு 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னா கோடை லீவே வந்துடும்," என்றேன்.

பக்ரி திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வகுப்புலயும் இல்லேன்னா, இத்தனை நாளும் பிள்ளை எங்க இருந்தா?"

எனக்கும் தெரியாது. மூவரும் நாற்காலியைப் பார்த்தோம்.

"படியில," என்றாள் தஸ்னீம்.

"எந்தப் படியில?"

"மொட்டை மாடிக்குப் போற படி. அட்டை இருக்கு, குளிராது."

"எத்தனை நாளா?"

"ஸ்கூல் திறந்ததுலேர்ந்து."

மரிவிக் எழுந்துபோய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "ஏன் செல்லம் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் பேசணும்ல?"

பக்ரி என்னைப் பார்த்து, "கொஞ்சம் வெளியே இருக்கீங்களா மேடம்?" என்றார். என் அலுவலகத்திலிருந்து நானே வெளியேறினேன். இருபத்தைந்து நிமிடம். கண்ணாடிக் கதவு, பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டேன். மெல்லிய குரல்கள் உயர்ந்தன. பிறகு நிஜமாகவே உயர்ந்தன. அந்தத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். மகளும் அன்றுதான் கேட்டிருப்பாள். நான் திரும்பி உள்ளே போனபோது படிவத்தில் கையெழுத்து இருந்தது. ஒருவர் அழுது ஓய்ந்திருந்தார். மற்றவர் அவர் கையைப் பிடித்திருந்தார். இருவருக்கும் நடுவே தஸ்னீம், இயந்திரத்தில் இருந்த பச்சைப் பட்டனை அழுத்தாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

யார் அழுதது என்று சொன்னால் எந்தக் கதவு என்று தெரிந்துவிடும். அதனால் சொல்லவில்லை.

6

முடிவுகள் என்று சில எழுதி வைத்திருந்தேன்.

அ. நவால் டீச்சரின் கதவு. வசனங்கள் எப்படித் தெரியும் என்று டீச்சர் ஆச்சரியப்படுகிறார். வெள்ளிக்கிழமை கோயிலின் நீண்ட மரப் பலகையில் மரிவிக் தனியே—

ஆ. கிரேட்டாவின் கதவு. கதைகளின் முடிவெல்லாம் கேட்கிறது. சூடானிலிருந்து போன் வருகிறது, பக்ரி பேச்சை மாற்றாமல் முதன்முறையாகத் தன் அம்மாவிடம்—

இ. செவ்வாய் ஒன்று, வியாழன் மற்றொன்று. இதை நான் மிகவும் விரும்பி எழுதினேன். இதுவும் பூனைதான், எடுத்துவிட்டேன்.

படிவம் என் அலமாரியில் இருக்கிறது. எதில் டிக் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் உங்களில் சிலர் மகிழ்வீர்கள், சிலர் வருந்துவீர்கள். ஒரு பிள்ளை யாருடைய வெற்றியாகவும் ஆக வேண்டாம்.

சின்னச் சின்ன அன்புகளை நம்புகிறவள் நான். இந்தக் கதையில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை என்று எழுதும்போது பெருமைப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: அந்தப் பிள்ளையை இருபது மணி நேரத்துக்குமேல் தனியே உட்கார வைக்கக் கெட்டவர் ஒருவரும் தேவைப்படவில்லை. நல்லவர்களே போதுமாயிருந்தோம். இப்போதும் நான் சின்ன அன்புகளைத்தான் நம்புகிறேன். ஆனால் "என்னம்மா, ஏன் இங்க இருக்கே?" என்று கேட்பதையும் அவற்றில் சேர்த்துக்கொள்கிறேன். கேட்டால் பதில் வரும், வந்தால் நம்மால் தாங்க முடியுமோ என்னவோ. இருந்தாலும் கேட்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் காரை எடுக்கப் போனார்கள். தஸ்னீம் என் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், செவ்வாய்க்கிழமை நான் உள்ள போறப்ப, இவ்வளவு நாள் எங்க இருந்தேன்னு கேப்பாங்களா?"

"பசங்க கேப்பாங்க."

"என்ன சொல்லட்டும்?"

"ஆபீஸ்ல தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லு. நானே உன்கூட வந்து சொல்றேன்."

கொஞ்சம் யோசித்தாள். "அது பட்டியலுக்கு மிஸ். நான் ஏன் யார்கிட்டயும் சொல்லாம உக்காந்திருந்தேன்னு கேட்டா?"

அதற்குப் பிறகு இந்த மேசையில் உட்கார்ந்து பதினோரு பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் பெரியவர்கள் வாயில் பொருந்துபவை. அம்மாவையும் அப்பாவையும் விட்டுக்கொடுக்காமல், பொய்யும் சொல்லாமல், மற்றப் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்க, ஒன்பது வயதுக்காரி சொல்லக்கூடிய ஒரே ஒரு வாக்கியம் வேண்டும்.

முடிவை நீங்கள் எழுதுங்கள் என்று கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். இந்தக் காகிதத்தில் இன்னும் அந்த வியாழக்கிழமைதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி, அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.