ராமர் செத்த தேதி

எங்கள் முதலாளி ஆத்தப்பன் அய்யாவுக்கு, தெரிந்தவர் வீட்டுச் சாவுக்குக் கேதம் கேட்கப் போகாமல் விட்டால் சோறு இறங்காது. திருப்பூர் மங்கலம் ரோட்டில் எங்கள் பனியன் கம்பெனி. சரக்கு முழுக்க மலேசியாவில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழர்களுக்குப் போகிறது. ஒரு தடவை பினாங்குக் கடைக்காரருக்கு, அவர் அம்மா இறந்த மறுநாளே பொங்கல் வாழ்த்து அனுப்பித் தொலைத்தோம். அந்த வெட்கத்தில்தான் அய்யா வருடச் சந்தா கட்டி ஓர் இணையதளத்தில் சேர்ந்தார். மலேசியா, சிங்கப்பூர் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகள் அத்தனையும் அதில் உண்டு; பெயரைப் போட்டால் படத்தோடு வரும். பாஸ்வேர்டு என்னிடம். எம்.காம். படித்துவிட்டுக் காலையில் டீக்கு முன்னால் செத்தவர்களைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

செக்கிங் செக்‌ஷனில் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டும் பாண்டியம்மாள் அக்காவுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. ஒரு மத்தியானம் சோற்று டப்பாவைக்கூடத் திறக்காமல் வந்து நின்றாள்.

"தாயி சித்ரா, எந்தம்பி செத்த தேதி அதுல இருக்குமா?"

தம்பி ராமர் சின்ன வயசிலேயே மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவன். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அங்கிருந்து திரும்பிய யாரோ, லாரி மோதிப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டார். என்றைக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. தேதி தெரியாததால் திதியும் கொடுக்கவில்லை. தையில் அக்காவின் மகள் அனுசுயாவுக்குக் கல்யாணம்.

"தாய்மாமன் நிக்க வேண்டிய எடம் தாயி. அவனுக்கு ஒரு கை எள்ளுந்தண்ணியும் எறைக்காம நான் எப்படிப் பந்தக்கால் நடுவேன்?"

ராமர் என்று போட்டேன். வரிசையாக வந்தார்கள்.

"இவுக வழுக்க. எங்க வகையறாவுல வழுக்கயே கெடையாது."

"இவரு?"

"ஆத்தி, போலீசுக்காரரு கணக்கா மீசையப் பாரு. அவனுக்கு இம்புட்டு மீசை மொளைக்காது."

எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. அப்புறம் கவனித்தேன், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் திறக்கிறாள். இவன் அவனாக இருந்துவிடக் கூடாதே என்கிற பயம். தேதி கேட்டு வந்தவளுக்கு அந்தத் தேதி கிடைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

ராமர்கள் தீர்ந்துபோனார்கள். அவன் இல்லை. மலேசியாக்காரர்கள் சாவு அறிவிப்பிலும் சொந்த ஊரை விடமாட்டார்கள் என்பதால், அவள் ஊரான திருச்சுழியைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றே ஒன்று வந்தது. போன வருடம் ஈப்போவில் காலமான ஒரு பாட்டியம்மாள். சரிதான் என்று மூடப்போனேன். படத்துக்குக் கீழே, துயரத்தில் வாடும் குடும்பத்தார் பெயர்களில் ஒரு வரி இருந்தது. மருமகன்: ராமர் (திருச்சுழி).

"அக்கா, இது செத்தவங்க பேரில்லீங்க. அறிவிப்புக் குடுத்தவங்க பேரு. இவரு உசுரோட இருக்காருங்க!"

"எங்கூருல தெருவுக்கு ரெண்டு ராமரு உண்டு தாயி," என்றாள்.

அடுத்த வரியைக் காட்டினேன். பேத்தி: பாண்டியம்மாள்.

அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு, அந்தப் பாட்டியின் சாவுப் படத்துக்கு எதிரே நின்றுகொண்டு, ஒரு குலவை போட்டாள் பாருங்கள், செக்கிங் செக்‌ஷன் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. பின்னாலேயே அய்யா ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

"யாரு அம்மிணி போயிட்டாங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அறிவிப்பின் அடியில் இருந்த போன் நம்பரை நான் அழுத்தப் போனபோது மட்டும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாண்டியம்மா, மொதல்ல கேதம் கேளுங்க. மாமியாரு தவறியிருக்காங்க. மத்ததெல்லாம் அப்பறந்தானுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். ஓர் ஆண் குரல் "வணக்கம், யாரு?" என்றது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முறைப்படியே ஆரம்பித்தாள்.

"ஒங்க அத்தை போயிட்டாகளாமே… எனக்கு இப்பத்தேன் தெரியும்…"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை யாரோ அணைத்தார்கள்.

"அக்காவா?"

"ஆமாண்டா ராமரு, நாந்தேன்!"

"நீ இருக்கியா? போட்ட கடுதாசியெல்லாம் திரும்பி வந்துச்சே! ஊடு பூட்டிக் கெடக்குன்னாக, நீ காய்ச்சல்ல போயிட்டதா ஒருத்தன் சொன்னான். அதான்க்கா புள்ளைக்கு ஒம்பேர வச்சேன்!"

"பொழப்புக்குத் திருப்பூரு வந்துட்டேன்டா கிறுக்கா! நானும் ஒம்படத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கேன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். ஐ.எஸ்.டி. மீட்டர் ஓடுவதை அய்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேதம் கேட்கப் போட்ட போனிலேயே அக்கா கல்யாணத்துக்கு அழைத்தாள். தாய்மாமன் சீர் குறையக் கூடாது என்று அதட்டவும் செய்தாள்.

போனை வைத்ததும் அரைநாள் லீவு கேட்டாள்.

"எதுக்குங்க்கா?"

பிசிறு வெட்டும் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பதில் கீழேயிருந்து வந்தது.

"மாலையக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன் தாயி. மொத வேலையா அத வெட்டணும்!"