சபீனாவின் வயது

முந்தின நாளே மலையூரான மவுபிஸ்ஸேயில் லாரி ஏறி, காப்பி மூட்டைகள்மேல் குலுங்கிக் குலுங்கி ஒலிந்தா தலைநகர் டிலிக்கு வந்து சேர்ந்திருந்தாள். வழக்கு ஒன்பது மணிக்கு என்றார்கள். பன்னிரண்டாகியும் கூப்பிடவில்லை. நீதிமன்றத்துக்கு என்ன, காத்திருப்பவர்களுக்குத்தானே கால் வலிக்கும். அவளுக்குக் காலும் வலித்தது, இடுப்பும் வலித்தது. எல்லாம் எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

எதிர் பெஞ்சில் மகள் சபீனா, பாதுகாப்புக்கு வைத்திருக்கும் கன்னியாஸ்திரீயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கட்டு. கால் தரைக்கு எட்டவில்லை.

ஒலிந்தாவின் செத்துப்போன கணவனுக்குச் சித்தப்பா மகள் ஒருத்தி இருந்தாள், எத்தெல்வினா என்று. டிலியில் சாப்பாட்டுக் கடை. "பிள்ளையைப் படிக்க வைக்கிறேன்" என்று இரண்டு வருடம் முன்பு சபீனாவைக் கூட்டிப்போனாள். படிக்க வைத்தது அடுப்படியில்தான். மூன்று வாரம் முன்பு வாணலி எண்ணெயில் தீப்பிடித்துக் கடையில் பாதி போயிற்று. திட்டிய கோபத்தில் வேண்டுமென்றே கொளுத்திவிட்டாள் என்று எத்தெல்வினா போலீசில் எழுதிக் கொடுத்தாள்.

பதினாறு நிறையாத பிள்ளைமேல் வழக்குப் போடக் கூடாது என்பது சட்டம். சண்டை ஓய்ந்து புது நாடு ஆனபின் எழுதிய நல்ல சட்டம். சபீனாவுக்குப் பன்னிரண்டு. ஆனால் அவளுடைய பிறப்புச் சான்று பதினேழு என்கிறது. சான்றை நம்பினால் சிறை.

சபீனாவுக்காக வாதாட அரசாங்கம் கொடுத்த வக்கீல் நத்தாலியா கட்டுக்கட்டாகக் கோப்புகளைச் சுமந்துகொண்டு வந்தாள். அன்றைக்கு அது அவளுக்கு ஐந்தாவது வழக்கு. கண்ணில் தூக்கமில்லை.

"அக்கா, வேற ஏதாச்சும் பேப்பர் இருக்கா? ஞானஸ்நானச் சீட்டு?"

"அதையும் இந்தப் பேப்பரப் பாத்துத்தான் சாமியார் எழுதினாரு."

"எலும்பப் படம் புடிச்சா வயசு தெரியும். மெஷின் ரிப்பேராம், ஆறு மாசமா. பாத்தாலே சின்னப் புள்ளன்னு தெரியுதுன்னு சொன்னா, மலைப் புள்ளைங்க எல்லாமே குட்டைதான்னு அவங்க வக்கீல் சிரிக்கிறான். அந்தப் பேப்பர்ல எப்படிக்கா அப்படி ஒரு வருஷம் ஏறிச்சு?"

ஒலிந்தா மகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எப்படி ஏறியது என்று அவளுக்குத் தெரியாதா? அந்தச் சான்று இந்தச் சபீனாவுடையதே இல்லை. பட்டாளத்துக்காரர்கள் ஊரை எரித்த வருடம் காட்டுக்குள் ஓடியபோது நான்கு வயதில் செத்துப்போன மூத்தவளுடையது. இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டுக்காரர்கள் ஊரில் மேசை போட்டுப் பெயர் எழுதினார்கள். மடியில் பத்து மாதக் குழந்தை, இன்னும் பெயர் வைக்காதது. "பிள்ளைங்க பேரு?" என்று கேட்டான் ஒருவன், தலையைத் தூக்காமல். சபீனா என்றாள். "எந்த வருஷம்?" தொண்ணூற்றைந்து என்றாள். செத்துவிட்டாள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. எழுதிக் கொடுத்த காகிதத்தில் மூத்தவள் உயிரோடு இருந்தாள். அது போதும் என்றிருந்தது.

செத்தவர்களின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அந்த மலையில் ஊருக்கு ஊர் உண்டு. பிறந்த வருடத்தையும் சேர்த்து வைத்தவள் ஒலிந்தா ஒருத்திதான். மூத்தவளுக்குச் சாவுச் சடங்குக்கு ஏழாம் நாள் கசப்புப் பூ வைக்கவில்லை, நாற்பதாம் நாள் இனிப்புப் பூ வைக்கவில்லை, ஒருநாள்கூடக் கறுப்பு உடுத்தவில்லை. கணவனும் அதைப் பற்றிப் பேசாமலே போய்ச் சேர்ந்தான்.

எத்தெல்வினா விசிறிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி வாடிப்போச்சு?"

"உனக்குத் தெரியும்ல எத்தெல்வினா, இவ வயசு."

"எனக்கு என்ன தெரியும்? உங்க பேப்பர், உங்க கைநாட்டு. பன்னெண்டுன்னு சொன்னா, சின்னப் புள்ளய அடுப்புல போட்டு வாட்டினேன்னு என்னை உள்ள வைப்பாங்க. நான் என்ன கிறுக்கியா?" குரலைத் தாழ்த்தினாள். "பொய் சொல்லிப் பேப்பர் வாங்கினா உங்களுக்கும் கம்பிதான். பேசாம இருங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று ஒலிந்தாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தப் பூசணிக்காயை முதலில் மறைத்தவள் தான்தானே.

ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி போர்த்துகீசில் கேட்டார். மொழிபெயர்ப்பவர் அதை நாட்டுப் பொதுமொழியான தெத்தூனில் சொன்னார். ஒலிந்தா மலைப் பேச்சில் யோசித்துத் தெத்தூனில் பதில் தேடினாள். நியாயம் இத்தனை வாய் தாண்டி வர வேண்டியிருந்தது.

"இது உங்க மகளோட சான்றுதானான்னு கேக்குறாரு."

ஒலிந்தா சபீனாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"என் மகளோடதுதான். ஆனா இவளோடது இல்ல. அதுல இருக்கறவ செத்துட்டா."

மொழிபெயர்ப்பவர் திருப்பிச் சொல்லாமல் அவளையே பார்த்தார்.

"சொல்லுங்க ஐயா. காட்டுல செத்துட்டா. மூணு நாள் வயித்தால போச்சு, குடுக்கத் தண்ணியில்ல. அவங்கப்பா வெட்டுக்கத்தியால குழி தோண்டினாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. பொய்யா எழுதினது நான். என்னை உள்ள வைங்க, இவள விடுங்க."

எதிர் வக்கீல் எழுந்தான். இருக்கும் மகளைக் காப்பாற்ற இல்லாத பிள்ளையைச் சாகடிக்கிறாள், சாட்சி உண்டா என்றான். குழிக்குச் சாட்சி ஏது?

நீதிபதி எத்தெல்வினாவை எழுப்பினார்.

"நீங்க அந்தக் குடும்பம்தானே? உங்க அண்ணனுக்கு எத்தனை மகள்?"

உயிரோடு இருப்பவர்கள்மேல் எத்தெல்வினா எந்தப் பழியையும் கூசாமல் போடுவாள். ஆனால் செத்த பிள்ளையைப் பிறக்கவேயில்லை என்று சொல்ல அந்த மலையில் பிறந்த எவருக்கும் துணிச்சல் வராது. செத்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், வீடு தேடி வருவார்கள். அவள் விசிறியை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"ரெண்டு," என்றாள்.

"மூத்தவள் எங்கே?"

"காட்டுல விட்டுட்டு வந்தாங்க."

சபீனாமேல் வழக்கில்லை என்றார் நீதிபதி. சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்ததற்கு எத்தெல்வினாவை விசாரிக்கச் சொன்னார். பொய்ச் சான்று விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று கோப்பை மூடினார். நத்தாலியா ஒலிந்தாவின் தோளைத் தொட்டுவிட்டு ஆறாவது வழக்குக்குப் போனாள்.

பதிவு மேசையில் குமாஸ்தா படிவத்தை நீட்டினார். "மொதல்ல இறப்பு எழுதணும்மா. அப்பத்தான் இந்தப் புள்ளைக்குப் பிறப்பு எழுத முடியும். செத்த தேதி?"

"தேதி தெரியாது. செப்டம்பர் கடைசி. மழைக்கு முந்தி."

பெருவிரலில் மை தடவி அழுத்தினாள். பதினோரு வருடம் காகிதத்தில் உயிரோடு வைத்திருந்தவளை அந்த விரலாலேயே அனுப்பிவைத்தாள். மகள் கிடைத்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். சோர்வுதான் வந்தது.

வெளியே வந்து, சந்தையோரத்துத் துணிக்கடையில் ஒரு முழம் கறுப்புத் துணி வாங்கினாள். சபீனா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, அவ பேரும் சபீனாவா?"

"ஆமா."

"என்னை மாதிரி இருப்பாளா?"

"மூக்கு மட்டும்."

கடைக்காரியிடம் ஊக்கு கேட்டு வாங்கி, துணியில் சின்னத் துண்டு கிழித்துத் தன் ரவிக்கையில் குத்திக்கொண்டாள் ஒலிந்தா. சபீனா கட்டில்லாத கையை நீட்டினாள்.

"எனக்கும் குத்திவிடும்மா. எங்க அக்காதானே."

ஒலிந்தா இன்னொரு துண்டு கிழித்தாள். கண் மறைத்ததில் ஊக்கு இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு தடவையும் சபீனாவே குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.